தமிழிலும் கணிதத்திலும் ஒருங்கே ஆர்வமுள்ள மாணவிக்கு எந்த இளநிலைப் பட்டம் பொருத்தம்?

தண்டையார்பேட்டை அக்கா – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இந்த ஆண்டு எங்கள் பகுதியில் உள்ள அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ தேர்ச்சி பெற்றிருக்கிறாள். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் ஆகியவை அவளுடைய பாடங்கள். கணிதத்திலும் தமிழிலும் தொண்ணூறுக்கு மேல் எடுத்திருக்கிறாள். ஆங்கிலத்தில் எழுபதைச் சற்றுத் தாண்டியிருக்கிறாள். எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்பதில் வீட்டிலும் உறவிலும் ஒத்த கருத்து இல்லை. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்தில் கல்லூரிகளையும் பாடங்களையும் குறிப்பிட வேண்டிய நாள் நெருங்கிவிட்டதால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

அவளுடைய ஆர்வம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டி காசிமேட்டில் மீன் விற்றவர். அவர் பேசுவதைக் கைப்பேசியின் குரல்தட்டச்சு பெரும்பாலும் தவறாகவே எழுதுகிறது. செய்தி வாசிப்பவரின் தமிழையோ அதே கைப்பேசி ஏறக்குறையப் பிழையில்லாமல் எழுதிவிடுகிறது. இது ஏன் என்று கேட்கத் தொடங்கியவள், பிளஸ் டூ கணினிப் பாடத்தில் கற்ற பைத்தானைக் கொண்டு, பாடநூல் பத்திகளில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் அளவுக்குப் போய்விட்டாள். கணினிக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் வேலைதான் வேண்டும் என்கிறாள். வெளிநாடு சென்று மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

மாமா, தனியார் கல்லூரியில் பி.சி.ஏ. சேர்த்தால் மூன்று ஆண்டில் வேலை கிடைத்துவிடும் என்கிறார். கணித ஆசிரியை பி.எஸ்சி. கணிதம் என்கிறார், தமிழாசிரியை பி.ஏ. தமிழ் என்கிறார். இதற்கிடையில், வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம் ஒன்றில், பிளஸ் டூ முடித்த கையோடு ஜெர்மனிக்கே இளநிலைப் படிப்புக்கு அனுப்பிவிடலாம் என்று முன்பணம் கேட்கிறார்கள். அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்களால் ஒரு முறைதான் சரியாகச் செலவு செய்ய முடியும் என்பதால் கேட்கிறேன்.

ராயபுரம் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்

சகோதரிக்கு வணக்கம். முதலில், அந்த ஆலோசனை நிலையத்துக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். ஜெர்மனியைப் பற்றி அங்கே படிப்பவர்கள் யாரேனும் விரிவாக எழுதுவார்கள். நான் அறிந்த பட்டப்படிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெற்றோர்கள் பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பெயரில் கணினி இருந்தால் கணினி வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று எண்ணுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பாடத்திட்டத்தில் மூன்று ஆண்டுகளிலும் எந்தெந்தத் தாள்கள் இருக்கின்றன என்பதைத்தான். உங்கள் தங்கை செய்ய விரும்பும் வேலைக்கு, அதாவது மொழியைக் கணினி கையாளும்படி செய்வதற்கு, அடித்தளமாக இருப்பவை நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல், தனிநிலைக் கணிதம் ஆகியவை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணினி கணிப்பது நிகழ்தகவு. சொற்களை எண்களின் வரிசையாக மாற்றி அவற்றுக்கிடையே உள்ள நெருக்கத்தை அளப்பது நேரியல் இயற்கணிதம். பி.எஸ்சி. கணிதத்தில் இவை முதன்மைப் பாடங்களாகவோ துணைப்பாடங்களாகவோ இடம்பெறும். பி.எஸ்சி. கணினி அறிவியலிலும் பி.சி.ஏ.விலும் கணிதம் பெரும்பாலும் முதலாண்டுத் துணைப்பாடத்தோடு நின்றுவிடும், பி.சி.ஏ.வில் அதன்பின் கணக்குப்பதிவியலும் வருவதுண்டு. அவை குறைந்த படிப்புகள் என்று நான் சொல்லவில்லை. மென்பொருள் நிறுவனத்தில் விரைவாக வேலைக்குச் சேர விரும்பும் பிள்ளைக்கு அவை நல்லவை. உங்கள் தங்கைக்கு வேண்டியது வேறு.

நிரல் எழுதுவதைக் கல்லூரிக்கு வெளியே கற்றுக்கொள்வது இன்று கடினமன்று. ஐ.ஐ.டி.களின் பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே பணம். கணிதத்தை அப்படிக் கற்றுக்கொள்வது மிகக் கடினம், ஏனென்றால் அதற்குத் தேவையானது கரும்பலகையின் முன் நின்று தடுமாறும்போது திருத்துகிற ஆசிரியர். ஆகையால் கல்லூரியில் கணிதம், வீட்டில் கணினி என்று வைத்துக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரியைப் பொறுத்தவரை வடசென்னைப் பெண்பிள்ளைகளுக்கு 1964இல் தொடங்கப்பட்ட பாரதி மகளிர் கல்லூரி பிராட்வேயிலேயே இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடியில் இறங்கி நடந்துவிடலாம். 1840இல் தொடங்கிய மாநிலக் கல்லூரியில் கணிதமும் உண்டு, புள்ளியியலும் உண்டு; அதே ரயிலில் அரசினர் தோட்டம் வரை சென்று வாலாஜா சாலை வழியே போய்விடலாம். 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியையும் ஆர்.கே. நகர் அரசுக் கல்லூரியையும் பாதுகாப்பான தேர்வுகளாகக் கீழே வையுங்கள். தமிழ், ஆங்கில இலக்கியப் படிப்புகளுக்கு அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்ணை வைத்தும், ஏனைய படிப்புகளுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்தும் தனித்தனித் தரவரிசை தயாரிக்கிறார்கள். எனவே தமிழில் அவள் எடுத்த மதிப்பெண் கணிதப் பட்டியலில் உதவாது. ஆங்கிலத்தில் மதிப்பெண் குறைந்தது கணிதப் பட்டியலில் பாதிக்கவும் செய்யாது.

பயண நேரத்தைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். தினமும் மூன்று மணி நேரம் பேருந்தில் போகும் பிள்ளை மாலையில் நிரல் எழுத உட்காராது. தாம்பரத்துக்கு அப்பால் உள்ள புகழ்பெற்ற கல்லூரியைவிட, ஆறு மணிக்குள் வீடு திரும்ப முடிகிற அரசுக் கல்லூரி இவளுக்கு அதிகம் பயன்தரும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பட்டம் முடியும் வரை கிடைக்கும். 2022 செப்டம்பர் 5 அன்று அத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதே பாரதி மகளிர் கல்லூரியில்தான். அந்தப் பணத்தைக் குடும்பச் செலவில் கலக்காமல் அவளுடைய இணைய வசதிக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

பட்டம் முடித்தபின் ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. இடங்களுக்கான ஜாம் தேர்வு, சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் முதுநிலை நுழைவுத்தேர்வு, எம்.சி.ஏ.வுக்கான டான்செட் ஆகிய மூன்றையும் கணிதப் பட்டதாரி எழுதலாம்.

பெரம்பூர் தமிழாசிரியை

பேராசிரியர் ஐயாவின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். கணினிக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க விரும்பும் பெண்ணுக்குத் தமிழின் அமைப்பு முழுமையாகத் தெரிய வேண்டாமா? எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் முதல் இரண்டு ஆண்டுகள் பகுதி ஒன்றில் தமிழ் இருக்கும் என்பது உண்மைதான். அதில் இருப்பவை செய்யுளும் உரைநடையும் சிறுகதையும் கொஞ்சம் இலக்கணமும். நன்னூலையும் தொல்காப்பியத்தையும் நூற்பா நூற்பாவாகப் படிப்பதும், மொழியியல் என்ற தனித்தாளைப் பார்ப்பதும் பி.ஏ. தமிழில் மட்டுமே வாய்க்கும். புணர்ச்சியையும் சொல்லுறுப்புகளையும் விதிகளாகப் பிரித்துக் காட்டும் பயிற்சியில் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் மிக நன்றாகத் தேறுவதை வகுப்பறையில் தொடர்ந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க 2022 ஏப்ரல் முதல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இளநிலைப் பட்டத்தை இணையவழியில் படிக்கலாம். அதற்கு ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து அவர்கள் நடத்தும் தகுதித்தேர்வில் வென்றால் போதும். குடும்ப வருமானத்தையும் வகுப்புப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. இடையில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ பட்டயமோ கிடைக்கும். காலையில் கல்லூரியில் தமிழ், மாலையில் இதன் வழியே புள்ளியியலும் நிரலாக்கமும் என்று அமைத்துக்கொண்டால் இரண்டும் கைகூடும்.

அரசுப் பணியையும் முற்றிலும் மறந்துவிட வேண்டாம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உள்ளது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளியிலிருந்து அந்தப் பணிக்குரிய படிப்பு வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். பட்டப்படிப்பை ஆங்கிலவழியில் எடுத்தால் பட்டப்படிப்புத் தகுதியுள்ள பணிகளில் அந்த உரிமை போய்விடும். எதை எடுப்பதானாலும் அறிந்து எடுக்கட்டும்.

கொருக்குப்பேட்டை வாசகர்

ஒரு கேள்வி. பொறியியலை ஏன் விட்டுவிட்டீர்கள்? அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலை அறிவியல் படிப்புகளுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கணினிப் பிரிவுக்கு முயலாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தண்டையார்பேட்டை அக்கா

மூவருக்கும் நன்றி. பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம், ஐயா. இயற்பியலிலும் வேதியியலிலும் மதிப்பெண் குறைவு என்பதால் நல்ல கல்லூரியில் கணினிப் பிரிவு கிடைப்பது உறுதியில்லை. கிடைத்தால் அப்போது யோசிப்போம். கிடைக்காத பிரிவுக்குப் பதிலாக விருப்பமில்லாத ஏதோ ஒரு பொறியியல் பிரிவில் சேர அவள் ஒப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

தமிழாசிரியை அம்மாவின் யோசனையைப் படித்துக்காட்டினேன். அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் நடக்கும் ஐ.ஐ.டி. பாடங்களைத் தமிழ்வழி மாணவி முதலாண்டிலேயே தாங்குவாளா என்று எனக்குக் கவலை. வெளிநாட்டில் இந்தத் துறையைப் படிப்பவர்கள் யாரேனும் இருந்தால் எழுத வேண்டுகிறேன்.

வியாசர்பாடி மாணவன், ஜெர்மனி

வணக்கம் அக்கா. நானும் தமிழ்வழியில் படித்தவன். சென்னையில் அரசுக் கல்லூரியில் கணிதம் முடித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படித்துவிட்டு, இப்போது ஜெர்மனியில் கணினி மொழியியல் படிக்கிறேன். உங்கள் தங்கை கேட்ட கேள்வி இங்கே எங்கள் வகுப்பில் ஆராயப்படும் கேள்வியேதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குரலை எழுத்தாக்கும் நிரல், தான் பயிற்சி பெற்ற ஒலிப்பதிவுகளைப் போன்ற பேச்சையே நன்றாக அடையாளம் காணும். தமிழில் எளிதாகக் கிடைக்கும் பதிவுகளில் பெரும்பகுதி வாசித்துப் பதிந்தவை, செய்தி நடையில் உள்ளவை. காசிமேட்டுப் பேச்சும் எண்ணூர்ப் பேச்சும் அவற்றில் அரிதாகவே இருக்கும். அத்துடன், பேசும் வடிவத்துக்கும் எழுதும் வடிவத்துக்கும் உள்ள தூரம் தமிழில் மிக அதிகம் என்பதால், சரியாகக் கேட்டாலும் எதை எழுதுவது என்ற சிக்கல் எழுகிறது. எழுத்து மட்டத்திலும் வேறுபாடு உண்டு. யூனிகோடில் ‘க்’ என்ற ஒரே எழுத்து ககரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகள், வழக்கமான யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் மொத்தம் ஆறு பைட். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். பெரிய மொழி நிரல்கள் தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளாகச் சிதறடித்துப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தத் துறையில் நம் மொழிக்குச் செய்ய வேண்டியது ஏராளம் என்பதையும், அதைச் செய்ய வட்டாரப் பேச்சைக் காதால் அறிந்தவர்கள் வேண்டும் என்பதையும் தங்கையிடம் கட்டாயம் சொல்லுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் ஏஐ4பாரத் என்ற ஆய்வுக்குழு இந்திய மொழிகளுக்காகவே இயங்குகிறது. அவர்கள் வெளியிடும் தரவுகளும் நிரல்களும் எல்லோருக்கும் திறந்தவை.

இனி, ஆலோசனை நிலையம் சொன்னது. இந்தியாவில் பிளஸ் டூ மட்டும் முடித்தவருக்கு ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பொதுவாக நேரடியாக இளநிலை இடம் கிடைக்காது. ஸ்டூடியன்கோலெக் என்னும் ஆயத்தப் படிப்பு முடிக்க வேண்டும், அல்லது இந்தியாவில் ஓராண்டு பட்டப்படிப்பை முடித்து அதே துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே நடக்கும். இவற்றைச் சொல்லாமல் ஒருவர் முன்பணம் கேட்டால், அவர் அனுப்ப நினைப்பது அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனம் ஒன்றுக்காக இருக்கலாம்.

முதுநிலைக்கு வருவது வேறு. சார்லாந்து பல்கலைக்கழகத்தில் மொழி அறிவியல் தொழில்நுட்பத்தையும், ஷ்டுட்கார்ட், டியூபிங்கன் பல்கலைக்கழகங்களில் கணினி மொழியியலையும் முதுநிலையில் ஆங்கிலத்தில் படிக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, பருவந்தோறும் ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டுமே. ஆனால் ஷ்டுட்கார்ட்டும் டியூபிங்கனும் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணத்தைவிடக் கடினமானது முடக்கக் கணக்கு: விசாவுக்கு முன் ஓராண்டுச் செலவை வங்கியில் வைத்துக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ, அதாவது பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் நம்முடையதே, மாதந்தோறும் செலவுக்குத் திரும்ப வரும். என்றாலும் முதலில் திரட்டியாக வேண்டும். 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். என்னும் சான்றிதழ் சரிபார்ப்பும் கட்டாயம். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் வகுப்பைச் சேர்ந்தவர்களானால் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தைப் பாருங்கள். முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் அது உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் டாட் (DAAD) ஆகிய உதவித்தொகைகளுக்கு எந்த வகுப்பினரும் விண்ணப்பிக்கலாம்.

இப்படிப்பட்ட முதுநிலைப் படிப்புக்குத் தேர்ந்தெடுக்கும்போது பட்டத்தின் பெயரைவிட, மதிப்பெண் பட்டியலில் கணிதம், நிரலாக்கம், மொழியியல் தாள்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றுக்கு எவ்வளவு பாடநேரம் என்பதையே நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். அந்த அளவில் பேராசிரியர் ஐயா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். பி.ஏ. தமிழ் மட்டும் படித்திருந்தால் எனக்கு இந்த இடம் கிடைத்திருக்காது. அதேவேளை, அண்ணாமலையில் படித்த மொழியியல் இல்லாமலும் கிடைத்திருக்காது.

ராயபுரம் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்

தமிழாசிரியை சொன்ன இரட்டைப் பட்ட யோசனை நல்லதே, ஐ.ஐ.டி. பட்டத்தின் அடிப்படை நிலையில் கணிதமும் புள்ளியியலும் தரமாக இருக்கின்றன. ஆனால் அதை முதலாண்டில் தொடங்க வேண்டாம் என்பேன். தமிழ்வழியில் வந்த பிள்ளைகளுக்கு முதல் பருவம் முழுவதும் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பழகுவதிலேயே கழிகிறது. அறிவுள்ள பிள்ளைகள்கூட அப்போது தன்னம்பிக்கை இழந்து அரியர் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்வழிப் பாடநூலையும் ஆங்கிலவழிப் பாடநூலையும் அருகருகே வைத்து, பதினொன்றாம் வகுப்புக் கணக்கை இந்த விடுமுறையிலேயே ஆங்கிலத்தில் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் பருவ முடிவைப் பார்த்துவிட்டுத் தகுதித்தேர்வு எழுதட்டும்.

தண்டையார்பேட்டை அக்கா

எல்லாவற்றையும் தங்கையும் அப்பாவும் சேர்ந்து படித்தார்கள். பாரதி மகளிர் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கணிதத்தை முதலிலும், மாநிலக் கல்லூரிப் புள்ளியியலை அடுத்தும், பாரதியில் பி.ஏ. தமிழை அதற்கடுத்தும் வைக்க முடிவு செய்திருக்கிறோம். இரண்டே ஐயங்கள். கணிதத்தில் சேர்ந்தால் மொழியியலை இந்த மூன்று ஆண்டுகளில் எப்படித் தொடர்வது? ஜெர்மன் மொழியை இப்போதே தொடங்க வேண்டுமா?

வியாசர்பாடி மாணவன், ஜெர்மனி

மொழியியலுக்கு என்.பி.டி.இ.எல். தளத்திலேயே அறிமுகப் பாடங்கள் உள்ளன. ஆண்டுக்கு ஒன்று முடித்துச் சான்றிதழ் வாங்கினால் விண்ணப்பத்தில் காட்டலாம். நன்னூல் எழுத்ததிகாரத்தைத் தமிழாசிரியை அம்மா போன்ற ஒருவரிடம் விடுமுறையில் பாடம் கேட்பது அதைவிடப் பயன் தரும். பாட்டியின் பேச்சை அவருடைய சம்மதத்துடன் பதிவு செய்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசியபடியும் எழுத்து நடையிலும் இரண்டு வரிகளாகத் தட்டச்சு செய்துவரட்டும். தமிழ்99 விசைப்பலகையில் பழகிக்கொண்டால் வேகம் வரும். ஒரு வட்டாரப் பேச்சைச் சொந்தமாகத் திரட்டி, குரல்தட்டச்சு எங்கெல்லாம் தவறுகிறது என்று வகைப்படுத்திய மாணவியின் விண்ணப்பத்தைப் பேராசிரியர்கள் எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள். வீட்டில் இடம் போதாவிட்டால், கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் உட்கார்ந்து படிக்கலாம்; எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் இருக்கிறது.

ஜெர்மன் மொழிக்கு அவசரமில்லை, அக்கா. முதல் இரண்டு ஆண்டுகளும் ஆங்கிலத்துக்கே போகட்டும், ஏனென்றால் ஆங்கிலவழி முதுநிலைக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத்திறன் தேர்வில் பெரும்பாலும் 6.5 கேட்கிறார்கள், எழுபது மதிப்பெண் வாங்கிய தமிழ்வழி மாணவிக்கு அது உழைத்தால் எட்டக்கூடியது. மூன்றாம் ஆண்டில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1 என்னும் தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்தால் போதும். கட்டணம் சற்று அதிகம் என்பதால், புதுமைப்பெண் தொகையில் ஒரு பகுதியை அதற்கென்று இப்போதிருந்தே தனியாகச் சேர்த்து வையுங்கள்.